வெள்ளிக்கிழமைக் கொசுக்கள்

அத்தியாயம் 9

ஈப்போவில் சில நாள் காலை எட்டரை மணி வரைக்கும் மலைகளே இருப்பதில்லை. பனி விலகினால்தான் சுண்ணாம்புப் பாறைகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அன்று அவை வருவதற்கு முன்பே மங்களம் ஆபீசுக்கு வந்து, டைப்ரைட்டரின் உறையைக் கழற்றி, ஸ்டென்சில் தாளை உருளையில் ஏற்றிவிட்டாள்.

மாதத்தில் அவளுக்குப் பிடித்த நாள் அது. அவள் வேலை பார்க்கும் காய்ச்சல் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து மாதாமாதம் ஒரு பட்டியல் போகும். அடுத்த மாதம் எந்த ஊரில் மருத்துவ ஆராய்ச்சிச் சொற்பொழிவு, எங்கே கருத்தரங்கு, யார் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற பட்டியல். மங்களம் அடித்து, சைக்ளோஸ்டைலில் சுற்றி, உறையில் போட்டு ஒட்டினால், அது பாகான் செராய் ஆஸ்பத்திரியிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் பயணம் போகும். அடித்தவள் மட்டும் புந்தோங்கில் எடுத்திருக்கும் வாடகை அறையைத் தாண்டி எங்கேயும் போனதில்லை.

போகாவிட்டால் என்ன? விரல் பாட்டுக்கு அடிக்கும், மனசு பாட்டுக்குப் போய்விடும். பினாங்கில் பாம்பு விஷம் பற்றிச் சொற்பொழிவு என்று அடிக்கும்போதே மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வாள். லூமுட்டில் கடற்படை டாக்டர்களுக்குக் கடல்பாம்புக் கடி பற்றிப் பேச்சு என்றால் ஜன்னலுக்கு வெளியே அலைச் சத்தம் கேட்கும். பேசுகிறவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மா ஏதோ கேட்க விரும்புகிறார்" என்பார். இவள் எழுந்து கேட்பாள். என்ன கேட்பாள் என்று மட்டும் எந்த மாதமும் தெரிந்ததில்லை. அதற்குள் வரி முடிந்து மணி அடித்துவிடும்.

இந்த மாதப் பட்டியலில் இன்னொரு விசேஷம் உண்டு. அவள் அப்பா சீனி, ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தவர், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு இதே ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கொசு பிடிக்கும் வேலைக்கு வந்தவர், அவர் பேர் அச்சில் வரப்போகிறது. 'கொசுக்களைச் சேகரித்தவர்: சீனி' என்று டாக்டர் சதாசிவத்தின் உரைச் சுருக்கத்துக்குக் கீழே ஒரு வரி. மேடையிலும் பேரைச் சொல்லி நன்றி சொல்வாராம். அந்த ஒரு வரிக்காக மனிதர் போன வாரம் வெள்ளைச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தையே ஒரு கலக்கு கலக்கியதை நாம் பார்த்தோம்.

"மங்களம், எத்தன பக்கம் ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் தலைமை குமாஸ்தா லியாகத் அலி. "நாலு மணிக்கு போஸ்டாபீசு தூத்தோப் லா, சாத்திருவாங்க. அப்புறம் திங்கக்கிழமதான்."

"சுருக்கம் மட்டுந்தாண்ணே பாக்கி. டாக்டரோடது."

"உங்கப்பா பேரு இருக்கே, அதா? தப்பில்லாம அடி தாயி. இல்லேன்னா சட்டைய நம்ம தலையிலதான் கட்டுவாரு."

அவள் சிரித்துக்கொண்டே டாக்டரின் கையெழுத்துத் தாளை எடுத்துச் சாய்த்து வைத்தாள்.

டாக்டர் சதாசிவம் நான்கு வருஷமாக ஒரே கனவில் இருந்தார். தோட்டத்துக் கால்வாய்களில் தெளிக்க ஒரு புது மருந்து. ஒன்பதாங்கட்டையில் வாராவாரம் வியாழக்கிழமை தெளிப்பார்கள். சீனி தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை லயத்து அஞ்சடியில் முழங்கால் வரை சிலுவாரைச் சுருட்டிவிட்டு உட்காருவார். அஞ்சடி என்றால் வீட்டு முன்னால் நீளமாக ஓடும் அந்த ஒட்டு வராந்தாதான். காலில் கொசு உட்கார்ந்ததும், அது கடிக்கும் முன்னே கண்ணாடிக் குழாயால் மூடி, பஞ்சால் அடைக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை என்பதுதான் கணக்கு.

இருபத்திரண்டு வாரம். மருந்து தெளித்த மறுநாள் கொசு சட்டென்று விழுந்துவிடுகிறது, அதற்கடுத்த நாள் திரும்ப ஏறிவிடுகிறது. ஆகவே மருந்தை வாரம் ஒரு தடவைக்குப் பதில் தினமும் தெளித்தால் கொசுவே அண்டாது, லயத்துச் சுவர்களுக்கு அடிக்கும் பழைய மருந்தை நிறுத்திவிடலாம் என்பது டாக்டரின் முடிவு. பேராக்கில் இருக்கிற தோட்டத்துக்கெல்லாம் இதையே கொண்டுபோகப் பெரிய இடத்தில் காத்திருந்தார்கள். மார்ச் பதினேழு, சனிக்கிழமை, ஈப்போவில் மலேரியாக் கருத்தரங்கு. அங்கே டாக்டர் பேசி முடித்தால் மருந்து வண்டி ஏற வேண்டியதுதான்.

மங்களம் எண்களை அடிக்க ஆரம்பித்தாள். முப்பத்தொன்று, இருபத்தெட்டு, முப்பத்து நாலு. எண்களுக்கு என்று கைக்கு ஒரு தாளம் உண்டு. இரண்டு தட்டு, ஒரு இடம். இரண்டு தட்டு, ஒரு இடம். ஆறு நாளைக்கு இப்படிப் போகும். ஏழாவது நாளில் ஒரே தட்டு. ஆறு. அடுத்த வாரம் ஐந்து. அதற்கடுத்து நாலு. ஒரே தட்டு, ஒரே தட்டு என்று அந்தத் தாளத்தில் லயித்து, பாதிக் கண் மூடி, பினாங்குக்கும் லூமுட்டுக்கும் நடுவில் எங்கோ மிதந்துகொண்டிருந்தாள்.

எல்லா வெள்ளிக்கிழமையும் ஒரே தட்டு. அப்பாவின் காலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

* * *

பன்னிரண்டரைக்கு அம்மா செல்லாயி வந்தாள். வெள்ளிதோறும் சீனி வாரத்துத் தாள்களை ஒப்படைக்க டவுனுக்கு வருவார். கூடவே செல்லாயியும் பஸ் ஏறிவிடுவாள். அவர் கட்டிடத்துக்குப் பின்னால் கொசுக் குழாய்களைக் கணக்குக் காட்டிக்கொண்டிருக்க, அவள் பாசாருக்குப் போய்ச் சாமான் வாங்கி, கோயிலுக்கும் ஒரு நடை போய்விட்டு, மகளோடு வாசல் மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து அவளைச் சாப்பிட வைப்பாள்.

"இந்தா, நெத்திலிச் சம்பல். காரம் கம்மிதான், மூஞ்சியச் சுளிக்காத."

"வெள்ளிக்கிழமையில நெத்திலியாம்மா?"

"நீ திங்கிறதுக்கு. நான் வெரதம்லா." செல்லாயி கூடைப் பையிலிருந்து பாத்திரத்தை எடுக்கும்போது பழுப்புத் தாள் பொட்டலம் ஒன்று விழுந்தது. "அடடா, சாம்பிராணி. மீரா சாஹிப் கடையில நல்ல கட்டியா வந்திருக்கு. போன வாரம் வாங்கினது வெறும் தூளு."

"இவ்ளோவா?"

"வாராவாரம் வேணும்ல. அஞ்சடி முழுக்கப் போடணுமே. உங்கக்கா படுத்திருந்த எடத்துல ஒரு சட்டி, படிக்கட்டுல ஒரு சட்டி. வெளக்கு வச்ச ஒடனே ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் நின்னு பொகையும். அந்த வாசம் வந்தாத்தான் எனக்கு மனசு ஆறும்டி."

இருளாயி மங்களத்துக்கு மூத்தவள். ஒன்பது வயதில் போய்ச் சேர்ந்தவள். இந்தப் பதினாலு வருஷத்தில் செல்லாயி ஒரு வெள்ளிக்கிழமைகூட விட்டதில்லை. காத்துக் கறுப்பு அண்டித்தான் பிள்ளையைக் கொண்டு போய்விட்டது என்பது அவள் எண்ணம். அது திரும்பி வந்து மற்றவளையும் கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் புகை.

மங்களம் சோற்றைப் பிசைந்தாள். வெயில் மரத்தின் இலை வழியாக இறங்கி அம்மாவின் மடியில் ஆடியது. அஞ்சடி. வெள்ளிக்கிழமை. விளக்கு வைத்தவுடன். அதாவது ஆறு மணி.

ஒரே தட்டு.

ஐயோ! பிசைந்த கை அப்படியே நின்றது.

"என்னாடி? காரமா?"

"இல்லம்மா." அவள் பாத்திரத்தை மூடினாள். "நீ இங்கயே இரு. தோ வாரேன்."

* * *

சீனி பின்கட்டில் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் முகம் விரிந்தது. "அடிச்சிட்டியா? எந்த எடத்துல வருது என் பேரு? மேலயா, கீழயா?"

"ப்பா, அந்த வாரத்துத் தாள்ல 'புகை'ன்னு ஒரு கட்டம் இருக்குல்ல? அதுல என்னா எழுதுவீங்க?"

"இல்லன்னு எழுதுவேன். எல்லா நாளும் இல்லதான்." மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. "பீடிய விட்டேன். பக்கத்து வீட்டுல கொசுவத்தி வைக்க விடல, சண்டையே போட்டேன். ஆறு மணிக்கு மேல அடுப்ப மூட்டினா கதவச் சாத்தச் சொல்வேன். டாக்டரய்யா ஒருநாள் சொன்னாரு, சீனிண்ணே, ஒங்கள மாதிரி சுத்தமா கணக்கு எழுதற ஆளு இல்லன்னு."

"வெள்ளிக்கிழம சாம்பிராணி போடறாங்களே, அம்மா?"

"ஆமா."

"அது?"

சீனி புரியாமல் பார்த்தார். "அது சாமி காரியம்லா. அதப் போயி…" என்றவர் நிறுத்தினார். உருட்டிய பஞ்சு விரலில் ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷம் கொசுவோடு பழகிய மனிதருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவர் எழுதியதில் பொய் கிடையாது. பீடி புகை, கொசுவத்தி புகை, அடுப்பு புகை. சாம்பிராணியைப் புகை என்று அவர் வாழ்நாளில் ஒருநாளும் நினைத்ததே இல்லை. லயத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். காலையில் மட்டும் வந்து போகும் டாக்டருக்கு அந்தச் சட்டிகளைக் காண வாய்ப்பே இருந்ததில்லை.

"அப்ப கொசு கொறஞ்சது மருந்தால இல்ல," என்றார் மெதுவாக.

"இல்லப்பா."

"நாலு மணிக்குப் போயிருமா அந்தத் தாளு?"

"போயிரும்."

சொல்லாமல் விட்டால் என்ன? மங்களத்துக்கு அந்த நினைப்பு வராமல் இல்லை, மறைப்பானேன்! யாருக்குத் தெரியப் போகிறது? பதினேழாந் தேதி அப்பா வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்காருவார். டாக்டர் பேரைச் சொல்லுவார். கைதட்டுவார்கள். அந்தக் காட்சியை அவள் இந்த மாதம் முழுக்க எத்தனை தடவை கண்டிருக்கிறாள்! அப்பாவும் அதையேதான் கண்டுகொண்டிருந்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தக் கைதட்டலுக்குள்ளேயே நின்றார்கள்.

"செவுத்து மருந்த நிறுத்திருவாங்க," என்றார் சீனி. "எல்லாத் தோட்டத்துலயும்."

"ம்."

"மங்களம், உனக்கு ஒண்ணு சொல்றேன். உங்கம்மாவுக்குத் தெரியாது, தெரியவும் வேணாம்." அவர் பின்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இருளாயிக்கு வந்தது காத்தும் இல்ல கறுப்பும் இல்ல. மலேரியாக் காய்ச்சல் மூளைக்கு ஏறி வலிப்பு வந்திருச்சுன்னு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரு அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. நாந்தான் உங்கம்மாகிட்ட சொல்லல."

"ஏம்ப்பா?"

"புழுக்கமா இருக்குன்னு அது தெனமும் அஞ்சடியில படுக்கணும்னு அழும். நான் வேணாம்பேன். உங்கம்மாதான், பாவம் புள்ளன்னு பாயப் போட்டுக் குடுப்பா. கொசு கடிச்சுத்தான் செத்துச்சுன்னு தெரிஞ்சா அவ உசுரோட இருந்திருக்க மாட்டா. அதான் வேற ஏதோன்னு விட்டுட்டேன். தோட்டம் வித்ததும் எத்தனையோ வேல இருந்துச்சு. நான் கொசு புடிக்கிற வேலதான் வேணும்னு வந்தேன்."

மங்களத்துக்கு அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவர்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லாததால் அவர் தோளில் ஒட்டியிருந்த பஞ்சை மட்டும் எடுத்துவிட்டாள்.

"வா, டாக்டர்கிட்ட போலாம்," என்றார் சீனி.

* * *

டாக்டர் சதாசிவம் ஜன்னலைப் பார்த்தபடி தம் பேச்சைத் தாமே வாய்க்குள் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. சீனி நின்றபடியே சொல்லி முடித்தார். நீட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இருளாயியை மட்டும் அதில் சேர்க்கவில்லை.

"எத்தன மணிக்குப் போடுவாங்க?" டாக்டரின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது.

"ஆறு, ஆறே கால்யா."

"எல்லா வெள்ளிக்கிழமையுமா?"

"எல்லா வெள்ளிக்கிழமையும்."

"இருபத்திரண்டு வாரம்!" மேசையில் அவர் கை விழுந்தது. "இருபத்திரண்டு வாரம், சீனி!"

அவர் 'அண்ணே' என்று சொல்லாதது அதுதான் முதல் தடவை. சீனி தலையைக் குனிந்துகொண்டார். மங்களம் அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அவரா வந்து சொன்னாரு டாக்டர்," என்றாள். "சொல்லாம இருந்திருக்கலாம்."

டாக்டர் மேசைமேலிருந்த கையை எடுத்தார். "என் பேச்ச எடுத்துடும்மா," என்றார்.

மங்களம் மாடியில் தன் இடத்துக்கு வந்து, ஸ்டென்சிலில் பிழை மறைக்கும் சிவப்பு மைப் புட்டியைத் திறந்தாள். சின்னத் தூரிகையில் தோய்த்தாள். சீனி வந்து பக்கத்தில் நின்றார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

"எது என் பேரு?"

அவள் விரலால் காட்டினாள். அவர் குனிந்து, தொடாமல், பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சின்னதாத்தான் இருக்கு," என்றார். "சரி, அழிச்சிரு."

தூரிகை தாளைத் தொடப் போன நேரத்தில் கதவு திறந்தது.

"நில்லு, நில்லு!" டாக்டர் கையில் காலண்டர். "பதினேழுக்குள்ள எத்தன வெள்ளிக்கிழம இருக்கு?"

லியாகத் அலி மேசையிலிருந்தே விரல் விட்டார். "இன்னிக்கும் சேத்து அஞ்சு லா."

"இன்னிக்குப் புகை வேணாம். அடுத்த வாரம் போடட்டும். அதுக்கடுத்த வாரம் வேணாம். இப்படி ஒண்ணு விட்டு ஒண்ணு. மருந்த வழக்கம்போலத் தெளிப்போம். எது கொசுவ விரட்டுதுன்னு அப்பத் தெரிஞ்சிரும். நான் தப்புப் பண்ணிட்டேன்னா, அந்தத் தப்பையே மேடையில சொல்றேன். தலைப்பு பின்னால அறிவிக்கப்படும்னு அடிம்மா. சுருக்கத்த எடுத்துடு." அவர் மூச்சு வாங்கினார். "சீனிண்ணே பேரு மட்டும் இருக்கட்டும்."

சீனி குனிந்து அந்தச் சின்ன வரியை இன்னொரு தடவை பார்த்தார்.

சுருக்கம் முழுவதும் சிவப்பு மைக்குள் போயிற்று, கடைசி வரி மட்டும் தங்கியது. மூன்றேகாலுக்கு சைக்ளோஸ்டைல் சுற்ற ஆரம்பித்தது. நூறு, இருநூறு, முந்நூறு தாள், ஒவ்வொன்றிலும் சீனி. மூன்று ஐம்பதுக்கு லியாகத் அலி உறைகளை மூட்டையாகக் கட்டி மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு பறந்தார். இனிமேல் அந்தப் பேரைத் திரும்பக் கூப்பிட முடியாது.

"இன்னிக்கே ஆரம்பிக்கணும்," என்றாள் மங்களம். "அம்மாகிட்ட யாருப்பா கேக்கறது?"

சீனி ஜன்னல் பக்கம் போனார். கீழே மரத்தடியில் செல்லாயி கூடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். "நீயே கேளு தாயி. எனக்கு நாக்கு வராது. பேரு விஷயம் மட்டும் சொல்லு. அந்த மத்தது வேணாம்."

* * *

நாலு மணிக்கு மேல் மலைகள் நீலமாகிவிடும். மங்களம் பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் பதமாக, சிரித்த முகத்தோடு சொன்னாள். அப்பா பேர் அச்சில் வந்துவிட்டதை, ஊர் ஊராகப் போவதை, டாக்டர் புதிதாகக் கணக்குப் பார்ப்பதை. அதற்காக இன்றைக்கு ஒருநாள் மட்டும் சாம்பிராணி போடாமல் இருக்க வேண்டும் என்பதை.

செல்லாயிக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"எதுக்கு? பொகைக்கும் கொசுவுக்கும் என்னா?"

"புகை போட்டா கொசு அஞ்சடிப் பக்கமே வர மாட்டேங்குதும்மா. முப்பது வர்ற எடத்துல அஞ்சுதான் வருது. நம்ம வீட்டுக் கணக்குத்தான், நானே அடிச்சேன்."

"வர மாட்டேங்குதா?"

"ஆமாம்மா."

செல்லாயி பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பாதித் தூக்கத்தில் பேசுகிறவள் போல, யாரிடமோ சொல்வது போல, மெதுவாகத்தான் பேசினாள்.

"இருளாயி இருந்தப்ப நான் போட்டதே இல்ல. அவ போனப்புறந்தான் போட ஆரம்பிச்சேன். அவளும் அங்கதான படுப்பா."

மங்களம் பொட்டலத்தை அவள் கையிலிருந்து வாங்கப் பார்த்தாள்.

"காய்ச்சல் அடிச்சு மூணாம் நாளு வலிப்பு வந்துச்சு. உங்கப்பாவும் டிரெசரும் கிணத்தடியில நின்னு ரொம்ப நேரம் பேசினாங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

செல்லாயி நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்தாள். அங்கே நின்றுகொண்டிருந்த சீனி சட்டென்று விலகினார். அவள் அந்தக் காலி ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் பாயப் போட்டுக் குடுத்தது நான்டி. பதினாலு வருஷமா உங்கப்பாவுக்கு இது தெரியுமா?"